இயற்கணிதம் எடுக்கற டீச்சர்களுக்கான 12 வார பயிற்சி - முழுசா முடிச்சவ எழுதறேன்

போன சனிக்கிழமையோட முடிஞ்சுது. 14 வருஷமா எட்டாவது ஒன்பதாவதுக்கு கணக்கு எடுத்துட்டிருக்கேன், எத்தனையோ ட்ரெய்னிங் பாத்தாச்சு, பாதிக்கு மேல காலைல கையெழுத்து போட்டு மதியம் வரைக்கும் ஸ்லைடு பாத்துட்டு சாயங்காலம் சர்டிபிகேட் வாங்கிட்டு வர்ற கதைதான். இதுவும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சு, ஹெச்.எம். சொன்னாங்களேன்னு தான் பேர் குடுத்தேன். கோர்ஸ் நடத்தினவங்க பேர சொல்லல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டவும் போறேன். பேர் முக்கியமும் இல்ல, இந்த மாதிரி ஏதாவது கோர்ஸ்ல சேரலாமா வேணாமான்னு யோசிக்கறவங்களுக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்.

அமைப்பு இதுதான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஆன்லைன்ல நேரடி வகுப்பு, ரெண்டு மணி நேரம், மொத்தம் ஆறு. நடுவுல பாக்கறதுக்கு ரெக்கார்டட் வீடியோ எட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு க்விஸ். கடைசில நம்ம வகுப்ப நாமளே வீடியோ எடுத்து அனுப்பணும், பாத்துட்டு கருத்து சொல்லுவாங்க. அவ்ளோதான்.

இப்பவே சொல்லிடறேன், நேரடி வகுப்பு ஆறும் தங்கம், மத்ததெல்லாம் தண்டம்.

முதல் வகுப்புல வந்த மேடம் பாடமே நடத்தல. 8 + 4 = □ + 5, இத ஒரு தாள்ல எழுதி உங்க பிள்ளைங்க கிட்ட குடுங்க, குடுக்கறதுக்கு முன்னாடி எத்தன பேரு தப்பா போடுவாங்கன்னு நீங்க எழுதி வெச்சுக்கோங்கன்னாங்க. எட்டாவது பிள்ளைங்களுக்கு இதெல்லாம் ஒரு கணக்கான்னு சிரிப்பு வந்துச்சு, மூணு பேருன்னு எழுதி வெச்சேன். திங்கக்கிழமை குடுத்தேன். ஆறாவது தாள் திருத்தறப்பவே என் மூணு பேரு கணக்கு காலி. கட்டத்துக்குள்ள 12, 12, 12னு வருது, நடு நடுவுல 17. ஒரு பையன் கட்டத்துல 12 போட்டுட்டு, 5க்கு அப்புறம் அவனே ஒரு சமக்குறி சேத்து 17னு முடிச்சு வெச்சிருந்தான். கேள்வியவே திருத்திட்டான்! சரியான விடை 7, அத போட்டவங்களும் இருந்தாங்க, ஆனா நான் நினைச்ச பிள்ளைங்க இல்ல, முதல் ரேங்க் வாங்கற பொண்ணு 12 போட்டிருந்தா.

அடுத்த வகுப்புல எல்லாரும் கொஞ்சம் அடங்கித்தான் உக்காந்திருந்தோம். அப்பதான் மேடம் சொன்னாங்க, அமெரிக்காவுல 1999ல வந்த ஒரு ஆய்வுல இதே கணக்க ஆறாவது படிக்கற 145 பிள்ளைங்க கிட்ட குடுத்திருக்காங்க, ஒருத்தர் கூட 7 போடலயாம், எல்லாம் 12, இல்ல 17, இல்ல ரெண்டும். பிள்ளைங்களுக்கு சமக்குறின்னா "ரெண்டு பக்கமும் ஒண்ணு"ன்னு அர்த்தம் இல்ல, "விடைய இங்க எழுது"ன்னு அர்த்தம். ஒண்ணாவதுல இருந்து எல்லா கணக்கும் இடது பக்கம் கூட்டு, வலது பக்கம் விடைன்னே போட்டு போட்டு பழகினா வேற எப்படி நினைப்பாங்க, கால்குலேட்டர்ல கூட அந்த பட்டன அமுக்கினா விடைதான வருது. இந்த புத்தியோட வந்து உக்காந்திருக்கற பிள்ள கிட்ட நான் 3எக்ஸ் + 2 = எக்ஸ் + 10னு எழுதிட்டு, புரியுதான்னு கேட்டிருக்கேன் இத்தன வருஷமா.

(டைப் பண்றப்ப எக்ஸ்னே எழுதறேன், பொறுத்துக்கோங்க.)

இதுல எனக்கு விழுந்த அடி தனி. நாங்க எல்லாரும் எங்க கரும்பலகைய ஃபோட்டோ எடுத்து அனுப்பணும்னு ஒரு வேலை இருந்துச்சு. ரெண்டாவது வகுப்புல ஸ்க்ரீன்ல ஒரு ஃபோட்டோ போட்டாங்க, பேர் போடல, ஆனா அந்த கோணல் கையெழுத்து என்னோடதுதான்னு எனக்கு தெரியாதா. 3 + 5 = 8 × 2 = 16 - 4 = 12. வேகமா கணக்கு போடறப்ப எல்லாரும் எழுதறதுதான், ஆனா நிதானமா பாத்தா 3 + 5ம் 12ம் சமம்னு நான் போர்டுல எழுதி வெச்சிருக்கேன். மேடம் ஒரு வார்த்தை குறையா சொல்லல. இதுல எத்தன சமக்குறி உண்மை பேசுதுன்னு மட்டும் கேட்டுட்டு அமைதியா இருந்தாங்க. கடைசி ஒண்ணு மட்டும்தான். ராபர்ட் ரெக்கார்ட்னு ஒருத்தர் 1557ல இந்தக் குறிய கொண்டு வந்தப்ப, ஒரே நீளத்துல ரெண்டு இணைகோட்ட விட சமமா வேற எது இருக்க முடியும்னு காரணம் சொல்லித்தான் போட்டாராம். அவரு என் போர்ட பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

அதுக்கப்புறம் "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" விவகாரம். இத சொல்லாத கணக்கு டீச்சர் உண்டா? எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, நானும் அதையேதான் சொன்னேன். ப்ளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ், பெருக்கல் போனா வகுத்தல். பிள்ளைங்க இத மந்திரம் மாதிரி பிடிச்சுக்கறாங்க, பிடிச்சுட்டு 3எக்ஸ் = 12ன்னு வந்தா சில பேரு எக்ஸ் = 12 - 3 = 9ங்கறாங்க, சில பேரு ரெண்டு விதியையும் சேத்து கட்டி, 3 அந்தப் பக்கம் போகுதுல்ல அதனால குறியும் மாறி -3 ஆகுது, வகுத்தா -4ங்கறாங்க. நான் இத்தன நாளும் "கவனக்குறைவு"ன்னு சிவப்பு மையில எழுதி மார்க் கட் பண்ணியிருக்கேன். கவனக்குறைவு இல்ல அது, நான் சொன்னத ரொம்ப கவனமா கேட்டதால வந்த தப்பு. மேடம் சொன்னது, ரெண்டு மூணு வாரமாவது தராசு மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே வேலைய செஞ்சு ஒவ்வொரு வரியா எழுத விடுங்க, குறுக்குவழிய பிள்ளைங்களே கண்டுபிடிச்சு "மிஸ், இத நேரா அந்தப் பக்கம் எழுதிடலாமே"ன்னு கேக்கற வரைக்கும் நீங்க வாயத் திறக்காதீங்கன்னு. எனக்கு இது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, போர்ஷன் ஓடுதே. ஆனா செஞ்சு பாத்தேன், கேட்டாங்க, எட்டாவது நாள்.

மூணாவது வகுப்பு எழுத்துக்களைப் பத்தி. பிள்ளைங்க எக்ஸ் வொய்ய என்னவா நினைக்கறாங்கன்னு இங்கிலாந்துல 1970கள்ல பெரிய அளவுல சோதிச்சு ஆறு விதமா பிரிச்சிருக்காங்க. எழுத்துக்கு சட்டுனு ஒரு எண்ண போட்டு முடிச்சுடறது, எழுத்தையே கண்டுக்காம விட்டுடறது, எழுத்த ஒரு பொருளா நினைக்கறது, குறிப்பிட்ட ஒரு தெரியாத எண்ணா நினைக்கறது, பல எண்ணுக்கு பொதுவா நினைக்கறது, கடைசியா உண்மையான மாறி. இந்தப் பொருளா நினைக்கற வியாதிய பரப்பறதே நாமதான். ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பனானா, 3ஏ + 2பின்னா மூணு ஆப்பிள் ரெண்டு வாழப்பழம், சேக்க முடியாதுல்லன்னு சொல்லி ஒத்த உறுப்பு நடத்துவோம். அன்னைக்கு சுலபமா போயிடும். அப்புறம் ஏபின்னு ஒண்ணு வரும், ஆப்பிளையும் வாழப்பழத்தையும் பெருக்கினா என்ன வரும்? ஆப்பிளோட வர்க்கம் என்ன? ஏங்கறது ஆப்பிள் இல்ல, ஆப்பிளோட எண்ணிக்கை, இல்லன்னா விலை, ஏதோ ஒரு எண். இத முதல் நாளே சொல்லணும்.

நம்ம வார்த்தையிலயும் ஒரு சிக்கல் இருக்கு, இது கோர்ஸ்ல சொல்லல, நானா யோசிச்சது. நாம எக்ஸ்க்கு முதல் நாளே "மாறி"ன்னு பேர் வெச்சுடறோம். 2எக்ஸ் + 3 = 11ல எக்ஸ் எங்க மாறுது? அது 4, அசையாம உக்காந்திருக்கு, நமக்குத்தான் தெரியல. ஒரு பொண்ணு முன்ன ஒரு தடவ "மாறின்னு சொன்னீங்க, மாறவே இல்லையே மிஸ்"னு கேட்டப்ப நான் சிரிச்சுட்டு தாண்டிப் போயிட்டேன். இப்ப அங்க "தெரியாத எண்"னு சொல்றேன், வொய் = 2எக்ஸ் + 3ன்னு அட்டவணை போடறப்பதான் மாறிங்கற வார்த்தைய எடுக்கறேன்.

அதே வகுப்புல வாக்கியத்த சமன்பாடா மாத்தறதுக்கு ஒரு மணி நேரம் போச்சு, அதுல பாதி நம்ம பிள்ளைங்களுக்கு வேண்டாதது. இங்கிலீஷ்ல "எக்ஸை விட 5 குறைவு"ங்கறத சொல்றப்ப 5 முன்னாடி வரும், எக்ஸ் பின்னாடி வரும், அதனால பிள்ளைங்க வாசிக்கற வரிசையிலயே 5 - எக்ஸ்னு எழுதிடுவாங்களாம், அதுக்கு என்னென்ன செய்யலாம்னு நீளமா போகுது. தமிழ்ல அந்தப் பிரச்சனையே இல்லையே, எக்ஸை விட 5 குறைவு, எக்ஸ் - 5, சொல்ற வரிசைதான் எழுதற வரிசை. தமிழ்ல பாடம் எடுக்கறவங்க இத சொல்லிப் பிள்ளைங்களுக்கு தைரியம் குடுக்கலாம்.

ஆனா வரிசை நமக்கு சாதகமா இருக்கறதால தப்பிச்சோம்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் மாட்டினேன். மாணவர் - பேராசிரியர் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, 1980கள் ஆரம்பத்துல இருந்தே பிரபலம். ஒரு காலேஜ்ல பேராசிரியர் எண்ணிக்கையப் போல 6 மடங்கு மாணவர்கள், மாணவர் எண்ணிக்கைக்கு எஸ், பேராசிரியர் எண்ணிக்கைக்கு பின்னு வெச்சு இத எழுதணும். எஸ் = 6பிதான் சரி. இஞ்சினியரிங் முதல் வருஷப் பிள்ளைங்கள்லயே மூணுல ஒருத்தருக்கு மேல தப்பா போட்டிருக்காங்க, பெரும்பாலும் 6எஸ் = பின்னு. தமிழ் வாக்கியத்துல பேராசிரியர் முதல்ல வருது, 6 அடுத்து, மாணவர் கடைசி, அப்படியே எழுதினா சரியா வந்துடுமேன்னு நம்பிக்கையா என் ஒன்பதாவதுக்கு குடுத்தேன். கணிசமான பேரு 6எஸ் = பி! ஏன்டான்னு ஒருத்தன கேட்டா, "ஒரு வாத்தியாருக்கு ஆறு ஸ்டூடன்ட் மிஸ், அதான் ஆறு ஸ்டூடன்ட், ஒரு ப்ரொஃபசர்". எஸ்ஸுங்கறது அவனுக்கு ஆளு, எண்ணிக்கை இல்ல. அதே ஆப்பிள் வியாதி. எஸ்ஸுக்கு 60 போட்டு பி எவ்ளோன்னு பாருடான்னேன், 360ன்னு வந்ததும் அவனே "ஐயோ, வாத்தியாருதான் ஜாஸ்தியா இருக்காங்க"ன்னு அழிச்சான்.

நாலாவது வகுப்புக்காகவே இந்த கோர்ஸ்ல சேரலாம். அல்ஜீப்ரா டைல்ஸ். கடையில வாங்க வேணாம், அட்டை வெட்டிக்கலாம். பெரிய சதுரம் ஒண்ணு, அதோட பக்கம் எக்ஸ், அப்ப அதோட பரப்பு எக்ஸ்². நீளப் பட்டை ஒண்ணு, எக்ஸ் நீளம் 1 அகலம், பரப்பு எக்ஸ். சின்ன சதுரம், பரப்பு 1. பட்டையோட நீளம் சின்ன சதுரத்தோட சரியான மடங்கா வராம வெட்டணும், இல்லன்னா பிள்ளைங்க அடுக்கிப் பாத்து எக்ஸ் = 5ன்னு முடிவு பண்ணிடுவாங்க (எனக்கு நடந்துச்சு, எல்லாத்தையும் மறுபடி வெட்டினேன்).

மேடம் எக்ஸ்² + 10எக்ஸ் = 39ன்னு எழுதினாங்க. பெரிய சதுரத்த நடுவுல வெச்சு, பத்து பட்டையில அஞ்ச வலது பக்கம், அஞ்ச கீழ ஒட்ட சொன்னாங்க. ஒட்டினா மூலையில ஒரு சதுர ஓட்டை நிக்குது, 5க்கு 5. அத 25 சின்ன சதுரத்தால நிரப்புனா முழு சதுரம், பக்கம் எக்ஸ் + 5. ஏற்கனவே 39 இருக்கு, 25 சேந்தா 64, அப்ப பக்கம் 8, எக்ஸ் 3. நான் அட்டைய கைல வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். "எக்ஸோட கெழுவ பாதியாக்கு, வர்க்கப்படுத்து, ரெண்டு பக்கமும் கூட்டு"ன்னு 14 வருஷமா ராகம் போட்டு சொல்லிட்டிருக்கேன், ஏன் பாதின்னு ஒரு பிள்ள கூட கேட்டதில்ல, நானும் யோசிச்சதில்ல. ரெண்டு பக்கம் ஒட்டணும், அதான் பாதி! இது சுமார் 820ல அல் குவாரிஸ்மிங்கற கணித அறிஞர் போட்ட கணக்கு, அவரும் படம் வரைஞ்சுதான் காட்டியிருக்காரு, எக்ஸ் வொய் எதுவுமே இல்லாம முழுக்க வார்த்தையில எழுதினவரு.

இங்கயும் நம்ம வார்த்தை கொஞ்சம் மறைக்குது. இங்கிலீஷ்ல சதுரத்துக்கும் வர்க்கத்துக்கும் ஒரே சொல்லு. நமக்கு வடிவியல் பீரியட்ல சதுரம், இயற்கணித பீரியட்ல வர்க்கம், ரெண்டும் ஒண்ணுன்னு யாரும் சொல்றதே இல்ல. "வர்க்கப்பூர்த்தி"ன்னா சதுரத்த முழுசாக்கறதுன்னு அட்டைய வெச்சு காட்டினப்ப கடைசி பெஞ்சுல இருந்து "அட"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அந்தப் பையன் கணக்கு பீரியட்ல தூங்காம இருந்தா அதுவே எனக்கு அதிசயம். (ஏ + பி)² = ஏ² + பி²ங்கற நித்திய தப்பும் இதுல அடங்கிடுது, ரெண்டு சதுரத்தயும் குறுக்கால வெச்சா நடுவுல ரெண்டு செவ்வகம் காலியா நிக்கறது கண்ணுக்கே தெரியும்.

ஆனா டைல்ஸ தலைல தூக்கி வெச்சு ஆடறவங்க பேச்ச முழுசா நம்பாதீங்க. மேல சொன்ன கணக்குக்கு -13ம் ஒரு விடை, அது அட்டையில வரவே வராது, மைனஸ் நீளத்துக்கு எங்க போறது? அல் குவாரிஸ்மியே 3 மட்டும் சொல்லிட்டு விட்டுட்டாரு. மைனஸ் உறுப்புக்கு சிவப்பு அட்டை வெச்சு, ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும்னு சொல்லிக் குடுத்தாங்க, (எக்ஸ் - 2)(எக்ஸ் - 3) வந்ததும் எங்களுக்கே தலை சுத்துச்சு, பிள்ளைங்க என்ன பண்ணும். ப்ளஸ் வரைக்கும் அட்டை, அப்புறம் பெருக்கல் கட்டம் வரைஞ்சு போயிடுங்க, இது என் அனுபவம்.

அஞ்சாவது வகுப்பு கேள்வி கேக்கறதப் பத்தி. தீக்குச்சியில சதுரங்கள வரிசையா அடுக்கினா ஒண்ணுக்கு 4 குச்சி, ரெண்டுக்கு 7, மூணுக்கு 10, எக்ஸ் சதுரத்துக்கு எத்தனன்னு கேட்டுட்டு மேடம் பேசாம இருந்துட்டாங்க. டீச்சருங்க கேள்வி கேட்டா சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்கோம்னு மேரி பட் ரோன்னு ஒரு ஆய்வாளர் 1970கள்லயே அளந்து சொல்லியிருக்காங்க, மூணு செகண்டு பொறுத்தா பதிலோட நீளமும் தரமும் கூடுது, வாயே திறக்காத பிள்ளைங்களும் பேசுதாம். மூணு செகண்டு என்ன பெருசுன்னு நினைக்கறீங்களா, வகுப்புல நின்னு பாருங்க, யுகமா இருக்கு. ஆனா பொறுத்ததுல எங்க குழுவுலயே நாலு விதமா பதில் வந்துச்சு, 3எக்ஸ் + 1, 4 + 3(எக்ஸ் - 1), 4எக்ஸ் - (எக்ஸ் - 1), அப்புறம் மேல எக்ஸ் கீழ எக்ஸ் நிக்கறது எக்ஸ் + 1னு ஒரு சார். எல்லாம் ஒண்ணான்னு பாக்கறதுக்கு அடைப்புக்குறி நீக்கணும், சுருக்கணும், அதாவது சுருக்கறதுக்கு முதல் தடவையா ஒரு காரணம் கிடைச்சுது. என் வகுப்புல இதுக்காக ரெண்டு பிள்ளைங்க சண்டையே போட்டாங்க, நான் நாலு செகண்டு இல்ல, ரெண்டு நிமிஷம் வேடிக்கை பாத்தேன்.

ஆறாவது வகுப்பு அவசரமா ஓடிப்போச்சு, எல்லாரும் நன்றி சொல்லியே பாதி நேரம் தீந்துது.

இப்ப திட்டு. ரெக்கார்டட் வீடியோ எட்டுல ஆறு, ஸ்லைடுல இருக்கறத வரி மாறாம வாசிக்கறது. வாய் வலிக்க "பிள்ளைங்க காரணம் சொல்லட்டும், விடைய மட்டும் பாக்காதீங்க"ன்னு சொல்ற கோர்ஸ், எங்களுக்கு வெச்ச க்விஸ் பூரா நாலு விடையில ஒண்ண டிக் அடி. அதுலயும் ஒரு கேள்விக்கு -3² = 9ன்னு விடை வெச்சிருந்தாங்க! அடைப்புக்குறி இல்லாம எழுதினா அது -9, (-3)²தான் 9, பிள்ளைங்க தினமும் பண்ற தப்பு, அத பயிற்சி குடுக்கறவங்களே பண்ணிட்டு எனக்கு மார்க் கட். மெயில் போட்டேன், "பரிசீலிக்கிறோம்"னு பதில் வந்துச்சு, கேள்வி இன்னும் அப்படியே நிக்குது.

பெரிய ஏமாற்றம் வகுப்பு வீடியோ. 40 நிமிஷ வகுப்ப எடுத்து, அது அப்லோட் ஆகாம நாலு தடவ நடுவுல நின்னு, கடைசில மூணு துண்டா வெட்டி ராத்திரி பதினொண்ணுக்கு ஏத்தினேன். வந்த கருத்து ரெண்டு வரி. மாணவர் பங்கேற்பு நல்லா இருக்கு, கரும்பலகைய இன்னும் திறம்பட பயன்படுத்தலாம். திறம்படன்னா எப்படி? ஒரு பையன் 2எக்ஸ் + 3ஐ 5எக்ஸ்னு சொல்றப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்னுதான் எனக்கு தெரிய வேண்டியிருந்துச்சு, அந்த இடத்த நிமிஷம் குறிச்சே அனுப்பியிருந்தேன். டீச்சர் பயிற்சியப் பத்தின ஆய்வுங்க எல்லாம் திரும்பத் திரும்ப சொல்றது, பாடத்தோட ஒட்டி இருக்கணும், நீண்ட நாள் போகணும், கூட நின்னு பாத்து சொல்ல ஆள் வேணும்னு. முதல் ரெண்டையும் இவங்க செஞ்சுட்டு மூணாவதுல கை கழுவிட்டாங்க.

இன்னொண்ணு, காரணிப்படுத்தல் பத்தி உருப்படியா ஒண்ணும் இல்ல, பின்ன கோவையப் பத்தி சுத்தமா இல்ல. (எக்ஸ் + 3) / எக்ஸ்ல எக்ஸ அடிச்சுட்டு 3ன்னு எழுதறவங்கள என்ன பண்றதுன்னு சாட்ல கேட்டேன், "அடுத்த பகுதியில் வரும்"னாங்க. அடுத்த பகுதி தனி கோர்ஸாம்.

யாருக்கு சரிப்படும்னா, நாலஞ்சு வருஷமாவது வகுப்பு எடுத்து, திருத்தின தாள்ல அதே தப்ப திரும்பத் திரும்ப பாத்து சலிச்சவங்களுக்கு. புதுசா வேலைக்கு சேந்தவங்களுக்கு இது கொஞ்சம் எட்டாது, அவங்களுக்கு நாளைக்கு என்ன நடத்தறதுன்னே கவலை. ஒரே ஸ்கூல்ல இருந்து ரெண்டு பேரா சேருங்க, நான் தனியா சேந்தது தப்பு, டைல்ஸ் கணக்க போட்டுட்டு அத சொல்லி ஆச்சரியப்பட ஸ்டாஃப் ரூம்ல ஆள் இல்ல, சயின்ஸ் டீச்சர் கிட்ட அட்டைய காட்டினேன், பாவம், நல்லாருக்குன்னாங்க. தாள் திருத்தற சீசன்ல மட்டும் சேராதீங்க, ஒவ்வொரு வகுப்புக்கும் நடுவுல பிள்ளைங்க கிட்ட கேள்வி குடுத்து தாள் சேத்து படிக்கறதுதான் இதோட உயிரே, அத விட்டா மிஞ்சறது அந்த எட்டு வீடியோதான்.

அஞ்சுக்கு மூணரை குடுக்கறேன். ரெண்டாவது பகுதிக்கு மெயில் வந்தாச்சு. என் வகுப்பு வீடியோவ ஒரு ஆளு உக்காந்து என்னோட பேசிப் பாப்பாங்களான்னு பதில் போட்டிருக்கேன், பாப்போம்னு வந்தா சேரமாட்டேன், பாக்கறோம்னு தேதியோட வந்தா சேருவேன்.